[கலைச்சொல்] பராஷா: தோராவின் வார ஓதுபகுதிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

ஆழி:
அனைவருக்கும் வணக்கம். ஒப்பீட்டுச் சமய வகுப்புக்காக, யூதர்களின் வாராந்தரத் தோரா சிந்தனைகள் சிலவற்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். தோரா என்பது மோசேயின் ஐந்நூல், யூத மறையின் முதல் ஐந்து நூல்கள். அதை 54 துண்டாக்கி ஓய்வுநாளான சனிதோறும் ஓதுகிறார்கள். ஓராண்டில் முடித்த கையோடு, அதே நாளில் உலகப் படைப்பிலிருந்து மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் பராஷா. இப்போதைக்கு ‘வாசகம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

பனுவல்:
வேண்டாம் அம்மா. திருப்பலியில் முதல் வாசகம், நற்செய்தி வாசகம் என்று அந்தச் சொல் ஊன்றிவிட்டது. சைவர் காதிலோ மணிவாசகர் வந்து நிற்பார். ‘ஓத்து’ இருக்கக் கவலை ஏன்? தொல்காப்பியச் செய்யுளியல் பாருங்கள்:
“நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு
ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது
ஓத்தென மொழிப”
நூலின் உட்பிரிவு என்ற பொருள் ஆயிற்று. ‘மறப்பினும் ஓத்துக் கொளலாகும்’ என்ற குறளில் அதுவே வேதம். பிரிவும் மறையும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

கரும்பலகை:
> ‘ஓத்து’ இருக்கக் கவலை ஏன்?
ஐயா, முதலாண்டு வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்து இதை ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். பிறகு பேசுவோம்.

பனுவல்:
கடைசி பெஞ்சுக்குப் பயந்து தொல்காப்பியத்தை மூடி வைக்கவா? நல்ல சொற்களை எல்லாம் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் காவு கொடுத்தோம்.

வேர்க்கால்:
இருவரும் கவனிக்காத சொல் ஒன்று இருக்கிறது: ‘வாரம்’. ஏழு நாள் என்ற பொருள் எல்லாருக்கும் தெரியும். நில விளைச்சலில் மேல்வாரம், குடிவாரம் என்னும்போது பங்கு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வாரம் பாடுகிறார்கள், அங்கே அது இசை. தேவாரத்தைத் தே+வாரம் என்று பிரிப்பாரும் உண்டு. தோராவை யாரும் உரைநடையாக வாசிப்பதில்லை, மரபான இசைக்குறிப்போடுதான் ஓதுகிறார்கள். ஆக வாரம், பங்கு, பாட்டு மூன்றும் ஒரே சொல்லில்! (வாரும் என்பதிலிருந்து வாரம் பிறந்ததா என்பதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.)

கரும்பலகை:
அப்படியானால் ‘இந்த வார வாரம்’ என்று எழுதவேண்டுமா? அந்தத் தனி மடல் வராமலிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

ஆழி:
ஒரு பத்தி தருகிறேன், சொல்லை அதில் பொருத்திப் பார்த்துச் சொல்லுங்கள்:
“நோவா தன் காலத்தவருள் நீதிமான் என்று இரண்டாவது ______ தொடங்குகிறது. அவ்வளவு கெட்ட காலத்திலும் நல்லவராக இருந்தாரே என்று இதைப் புகழாகக் கொள்வோர் உண்டு. ஆபிரகாமின் காலத்தில் இருந்திருந்தால் ஒரு பொருட்டாகவே இருந்திருக்கமாட்டார் என்போரும் உண்டு. 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி இரண்டையும் தருகிறார். வெள்ளம் வரும் என்று கேட்ட நோவா வாய் திறக்காமல் பேழை செய்தார். இரண்டு ______ தள்ளி, சோதோம் அழியப்போகிறது என்று கேட்ட ஆபிரகாம் ஐம்பது நல்லவரில் தொடங்கிப் பத்து வரை பேரம் பேசினார். கீழ்ப்படிவது மட்டும்தான் விசுவாசமா, பக்கத்து வீட்டுக்காரனுக்காகக் கடவுளிடம் வாதாடுவதும் அதில் சேருமா?”

கடலோடி:
சொல்லை விடுங்கள், நோவாவுக்கு இது அநியாயம். எல்லோரும் சிரித்திருக்கும்போது ஒரு மனிதன் ஊரறிய மரக்கலம் கட்டுகிறான். அதைவிடப் பெரிய பிரசங்கம் எது?

பனுவல்:
‘தன் காலத்தவருள்’ என்ற ஏழாம் வேற்றுமையில் அல்லவா வழக்கே இருக்கிறது! பரிமேலழகர் கையில் கிடைத்திருந்தால் ‘உள்’ளுக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதியிருப்பார்.

கரும்பலகை:
பராஷா என்பதன் வேருக்கே எபிரேயத்தில் பிரித்தல் என்றுதான் பொருள். பகு, பகுதி. காலியிடத்தில் ‘பகுதி’ போட்டுப் படித்தேன், எங்கும் இடறவில்லை. வாராந்தரம் என்று அழுத்தவேண்டிய இடத்தில் ‘வாரப்பகுதி’.

வேர்க்கால்:
பகுதி, விகுதியில் வருவது பிரகிருதி. வடசொல்லின் தற்பவம்.

கரும்பலகை:
அது இலக்கணப் பகுதி. இது பகுத்தலின் பகுதி. ரேஷன் கடைக்காரர்கூடக் குழம்பமாட்டார்.

ஆழி:
பகுதிகளின் பெயர்களையும் மொழிபெயர்க்க வேண்டுமா? மூன்றாவதன் பெயர் ‘லேக் லேகா’, ‘நீ புறப்படு’ என்பதுபோல.

பனுவல்:
வேண்டாம். தொடக்கச் சொற்களையே அவர்கள் பெயராக்குகிறார்கள். ஔவையின் கொன்றைவேந்தனுக்கும் ஆத்திசூடிக்கும் பெயர் வந்த வழி அதுதான். ஒலிபெயர்த்தால் போதும்.

கடலோடி:
வாரப்பகுதிக்கு +1. நாளை வெள்ளி.

மாடக்குளம்:
+1. இழை நீண்டுவிட்டது.

ஆழி:
நன்றி. ‘வாரப்பகுதி’ என்றே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் அடைப்புக்குறிக்குள் பராஷா.

பனுவல்:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். யூத நாட்காட்டியில் 19 ஆண்டுக்கு 7 முறை பதின்மூன்றாம் மாதம் ஒன்று சேரும். அது சேராத ஆண்டுகளில் ஓய்வுநாள் போதாமல் சில பராஷாக்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஓதுவார்கள். அப்போது ஒரே வாரத்துக்கு இரண்டு வாரப்பகுதியா? கடைசிப் பராஷா ஓய்வுநாள் ஓதுகையே அல்ல, தோரா மகிழ்ச்சித் திருநாளுக்கு உரியது. அதற்கு எந்த வாரம்? ஓத்து என்றிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

ஆழி:
ஐயா, அடுத்த கட்டுரையில் ஹஃப்தாரா வருகிறது. பராஷாவை அடுத்து இறைவாக்கினர் நூல்களிலிருந்து ஓதுவது. திங்களுக்குள் வேண்டும்.

வேர்க்கால்:
குடிவாரம்?