400 மீட்டர் சுற்று எப்போது நிலைத்தது? சுண்ணாம்புக் கோட்டுப் பாதைக்கு அதே அளவு சரிவருமா?

தடகளப்பிரியன்:
1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தை தாமஸ் பர்க் 54.2 வினாடியில் வென்றார். 1912 ஸ்டாக்ஹோமில் ரெய்ட்பாத் 48.2. இந்த ஆறு வினாடியில் பயிற்சிக்கு எவ்வளவு பங்கு, ஓடுபாதைக்கு எவ்வளவு பங்கு? அப்போதும் ஒரு சுற்று 400 மீட்டர்தானா?

இன்னொரு கேள்வி. மண் மைதானத்தில் சுண்ணாம்பால் பாதை போடும்போது 36.50 மீ. ஆரம், 84.39 மீ. நேர்ப்பகுதி, இரண்டாம் தடத்துக்கு 7.04 மீ. ஸ்டாகர் (வெளித்தடத்தின் தொடக்கக்கோட்டை முன்னால் தள்ளும் தூரம்) என்ற வழக்கமான அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பழையபதிவு:
54.2-ஐ வைத்து பர்க்கைக் குறைத்து எடைபோட வேண்டாம். அந்த ஏதென்ஸ் போட்டி நடந்த பனதெனாயிக் மைதானம் பழங்காலக் குதிரைலாட வடிவம், நீளம் அதிகம், அகலம் மிகக் குறைவு. சுற்று 333.33 மீ. வேகத்தைக் குறைக்காமல் அந்த வளைவில் திரும்பவே முடியாது. ஓடியதும் கடிகாரமுள் சுற்றும் திசையில்.

அதன்பின் ஊருக்கு ஒரு அளவு. 1900 பாரிஸில் 500 மீ., அதுவும் புல்தரை. 1908 லண்டனில் மூன்று சுற்று ஒரு மைல், அதாவது சுற்றுக்கு ஏறக்குறைய 536 மீ. ஸ்டாக்ஹோம் 383, 1920 ஆண்ட்வெர்ப் 389, 1924 பாரிஸ் மறுபடியும் 500. ஒலிம்பிக்கில் 400 மீ. சுற்று வந்தது 1928 ஆம்ஸ்டர்டாமில்தான். 1924-இல் எரிக் லிடெல் 47.6 வினாடியில் ஓடியது ஒரே வளைவு கொண்ட 400 மீட்டர். இன்றைய ஓட்டத்தில் இரண்டு வளைவு. ஆகவே அந்தக் கால நேரங்களை வரிசையாக அடுக்கி "முன்னேற்றம்" என்று கோடு இழுப்பது தவறு. பாதையின் நீளத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தடம் பிரிப்பதும் அப்போது கட்டாயமில்லை. 1908 இறுதிப் போட்டியில் நால்வரும் பொதுப் பாதையில் ஓடினார்கள். பிரிட்டனின் ஹால்ஸ்வெல்லை மறித்ததாக அமெரிக்காவின் கார்பென்டரைத் தகுதிநீக்கம் செய்து, தடம் பிரித்து மீண்டும் ஓடச் சொன்னார்கள். மற்ற இரு அமெரிக்கர்களும் மறுக்க, ஹால்ஸ்வெல் தனியாக ஓடித் தங்கம் பெற்றார். எல்லா நாட்டுக்கும் ஒரே விதி வேண்டும் என்பதை இதைவிட அழுத்தமாக எந்தப் போட்டியும் காட்டவில்லை. சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 1912-இல் உருவானது.

அளவுநாடா:
இரண்டாம் கேள்விக்கு: அப்படியே எடுக்காதீர்கள். அந்த அளவுகள் உள்விளிம்பில் 5 செ.மீ. உயரக் கர்ப் (விளிம்புக்கட்டை) பதித்த பாதைக்கானவை. கர்ப் இருந்தால் கால் இடறுமென்று ஓடுபவர் விலகி ஓடுவார். அதனால் முதல் தடத்தை விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளப்பது விதி. ஆரம் 36.80 ஆகிறது, இரு வளைவும் சேர்ந்து 231.22, இரு நேர்ப்பகுதி 168.78, மொத்தம் 400.

வெறும் கோடு என்றால் 20 செ.மீ. தள்ளித்தான் அளக்க வேண்டும். ஆரம் 36.70. மொத்தம் 399.37. சுற்றுக்கு 63 செ.மீ. குறைவு! எளிய திருத்தம், ஒவ்வொரு நேர்ப்பகுதியையும் 84.70 ஆக்குவது.

போடும் முறை: இரண்டு மையமுளைகளை 84.70 மீ. இடைவெளியில் அடியுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் செங்குத்தாக இருபுறமும் 36.50 அளந்து முளை அடித்தால் 84.70 × 73 செவ்வகம் கிடைக்கும். மூலைவிட்டம் இரண்டும் 111.82 வர வேண்டும். வராவிட்டால் சுண்ணாம்பைத் தொடவே தொடாதீர்கள், முளையைச் சரிசெய்யுங்கள். வளைவு இழுக்க நூல்கயிறு ஆகாது, அது இழுபடும். ஆரம் 5 செ.மீ. கூடினால் சுற்றில் 31 செ.மீ. கூடிவிடும். எஃகு நாடா அல்லது கம்பி போதும். சுண்ணாம்பின் 5 செ.மீ. அகலம் 36.50-க்கு உள்பக்கம் விழ வேண்டும். தட அகலம் 1.22, அதில் வலப்புறக் கோடு அடக்கம்.

அடுத்து ஸ்டாகர். கர்ப் உள்ள பாதையில் முதல் தடம் 30, மற்றவை 20 செ.மீ. என்று அளப்பதால்தான் இரண்டாம் தடத்துக்கு மட்டும் 7.04. கோட்டுப் பாதையில் எல்லாமே 20, ஆகவே எல்லாத் தடத்துக்கும் ஒரே கூடுதல். 2 முதல் 8 வரை: 7.67, 15.33, 23.00, 30.66, 38.33, 45.99, 53.66. இங்கே 7.04 போட்டால் இரண்டாம் தடக்காரர் முதல் தடக்காரரைவிட 63 செ.மீ. அதிகம் ஓடுகிறார். நேரம் எடுப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை.

தடகளப்பிரியன்:
நன்றி சார். ஸ்டாகரை அந்தந்தத் தடத்தின் உள்கோட்டின் மேலேயே நாடா வைத்து அளக்கலாமா?

அளவுநாடா:
கூடாது. உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. வெளியே, ஓடும் வழியில் அளக்க வேண்டும். கோட்டின் மேலேயே அளந்தால் எட்டாம் தடத்தின் தொடக்கம் சுமார் 24 செ.மீ. முன்னால் போய்விடும். அந்தத் தடக்காரர் அவ்வளவு தூரம் குறைவாக ஓடுவார்.

சுற்றுமணி:
800 மீட்டருக்கு இந்தப் பட்டியலைப் பாதியாக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் வளைவு முடிந்ததும் எல்லோரும் உள்தடத்துக்குக் குறுக்கே வருகிறார்கள், அந்தச் சாய்வுக்கும் ஈடு வேண்டும். கர்ப் உள்ள பாதையில் எட்டாம் தடத்துக்கு 200 மீ. ஸ்டாகர் 26.52, 800-க்கோ 26.93.

மைல் ஓட்டம் வைத்தால் நான்கு சுற்று போதாது. தொடக்கக்கோடு முடிவுக்கோட்டுக்கு 9.34 மீ. பின்னால். 1500 மீட்டருக்கு இன்று மூன்றே முக்கால் சுற்று, பழைய 500 மீ. பாதையில் அது சரியாக மூன்று சுற்று.

நெடுந்தூர ஓட்டங்களில் சுற்று எண்ண ஒரே ஆளை நம்ப வேண்டாம். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் 3000 மீ. ஸ்டீபிள்சேஸில் (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டும் ஓட்டம்) எண்ணிக்கை தவறி வீரர்கள் ஒரு சுற்று கூடுதலாக, சுமார் 3,460 மீ. ஓடினார்கள். முதலில் வந்த இசோ-ஹொல்லோ எப்படியும் வென்றிருப்பார். ஆனால் 3000 மீட்டரில் இரண்டாவதாக இருந்த மெக்லஸ்கி மூன்றாம் இடத்துக்குப் போனார். இருவர் தனித்தனித் தாளில் ஒவ்வொரு சுற்றின் நேரத்தோடு எழுதட்டும். ஒரு சுற்று விடுபட்டால் நேரம் இரட்டிப்பாகத் தெரியும், உடனே பிடித்துவிடலாம்.