டிக் வெல்டிங் கால் பெடல்: ஆர்க் பிடித்ததும் கரண்ட் எகிறுகிறது

கோவை கணபதியில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். என் 200 ஆம்பியர் டிசி இன்வெர்ட்டர் டிக் மெஷினுக்கு (டங்ஸ்டன் முனையில் ஆர்க் எரியும் வெல்டிங்), கரண்டைக் காலால் கூட்டிக் குறைக்க நானே கால் பெடல் செய்தேன். பழைய தையல் மெஷின் மிதி, மிதிக்கேற்ப மின்தடை மாறும் 10 கிலோ ஓம் லீனியர் பொட்டென்ஷியோமீட்டர், ஆர்க் தொடங்க ஒரு மைக்ரோ ஸ்விட்ச். மூன்று மீட்டர் ஒயரில் மெஷினின் 5 பின் சாக்கெட்டுக்குப் போகிறது.

மிதியை இலேசாகத்தான் அழுத்துகிறேன். ஆர்க்கைத் தொடங்கும் ஹெச்எஃப் (உயர் அதிர்வெண்) பொறி பாய்ந்ததும் டிஸ்ப்ளே 30 ஆம்பியரிலிருந்து 150க்குத் தாவுகிறது. இரண்டு நொடி கழித்துத்தான் காலுக்கு அடங்குகிறது. அதற்குள் 1 மி.மீ. எஸ்எஸ் குழாயில் மிளகு அளவு ஓட்டை விழுந்துவிடுகிறது. மூன்று வாரமாக இப்படித்தான். வந்த வேலையைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

ஹெச்எஃப் இல்லாமல், டங்ஸ்டனைத் தொட்டுத் தூக்கும் லிஃப்ட் ஆர்க்கில் தொடங்கினால் பெடல் அருமையாக வேலை செய்கிறது. பெடலைக் கழற்றிவிட்டு முன்பக்கக் குமிழில் வைத்தால் ஹெச்எஃப்பிலும் தொல்லை இல்லை. ஆகவே பெடல் ஒயர்தான் ஹெச்எஃப்பின் மின் இரைச்சலை வாங்குகிறது என்று நினைக்கிறேன்.

பொட்டென்ஷியோமீட்டரை மல்டிமீட்டரில் பார்த்தேன். எங்கும் விட்டுப்போகாமல் சீராக ஏறி இறங்குகிறது. ஷீல்டு ஒயர் மாற்றி, மெஷின் முனையில் மட்டும் எர்த் கொடுத்தேன்; தாவல் 120ஆகக் குறைந்தது, நிற்கவில்லை. மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையத்தில் ஒயரை மூன்று சுற்று சுற்றினேன். டார்ச் கேபிளை விட்டு ஒயரைத் தள்ளிப் போட்டேன். இரண்டிலும் பலன் இல்லை. ஸ்விட்ச் ஒயரும் அதே கேபிளுக்குள்தான் வருகிறது. அதை இன்னும் பிரிக்கவில்லை.

அடுத்து இந்த இரைச்சலை வடிக்க 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடப்போகிறேன். அதைப் பெடலுக்குள் வைப்பதா, மெஷினுக்குள் சாக்கெட்டின் பின்புறம் வைப்பதா?