உக்ரைன் டீமோடு வேலை: எப்படிக் கூப்பிடுவது, எப்போது கூப்பிடுவது, எதைக் கேட்காமல் விடுவது?

கிண்டி_டெஸ்டர்

அடுத்த மாதம் முதல் எங்கள் சென்னை டெஸ்டிங் டீம், உக்ரைனில் 7 பேர் கொண்ட டெவலப்மென்ட் டீமோடு சேர்ந்து வேலை செய்யப் போகிறது. பாதிப் பேர் லிவீவில், மீதிப் பேர் கார்கிவில். அறிமுக வீடியோ கால் முடிந்தது. யாரும் சிரிக்கவே இல்லை; கோபமா, இயல்பே அப்படியா என்று புரியவில்லை. ஒப்பந்தத்தில் ஒவ்வொருவர் பெயரும் மூன்று துண்டாக இருக்கிறது, எதைச் சொல்லிக் கூப்பிடுவது? தினசரி மீட்டிங்கை எத்தனை மணிக்கு வைக்கலாம்? போரைப் பற்றி விசாரிக்கலாமா, வாயே திறக்கக் கூடாதா?

எட்டாம்_வேற்றுமை

முதலில் பெயர். ஒப்பந்தங்களில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர், அப்பா பெயரிலிருந்து வரும் பெயர் என்ற வரிசையில் எழுதுவார்கள். உதாரணத்துக்கு ‘கோவலென்கோ ஒலேனா பெத்ரிவ்னா’. அப்பா பெயர் பெத்ரோ. மகனாக இருந்தால் ‘பெத்ரோவிச்’. நம் இனிஷியல் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது, ஆனால் பெயருக்குப் பின்னால் வருகிறது. கடைசிச் சொல்தான் சர்நேம் என்று எண்ணி ‘மிஸ் பெத்ரிவ்னா’ என்று மெயில் ஐடி போட்டுவிடுவது வழக்கமான பிழை. கூப்பிட வேண்டிய பெயர் நடுவில் இருப்பது: ஒலேனா.

ஐடி டீமில் வெறும் ‘ஒலேனா’ போதும். ‘சார்’, ‘மேடம்’ போட்டால் அவர்கள்தான் நெளிவார்கள். அரசு அலுவலகம், பழைய ஆலை, வயதில் மூத்த இயக்குநர் என்றால் ‘ஒலேனா பெத்ரிவ்னா’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது மரியாதை. அல்லது பெண்ணுக்கு ‘பானி’, ஆணுக்கு ‘பானே’ என்று முன்னால் சேர்க்கலாம். கண்ணன் ‘கண்ணா’ ஆவதுபோல அங்கும் விளி வேற்றுமை உயிரோடு இருக்கிறது: ஒலேனா, ‘பானி ஒலேனோ’, இவான், ‘பானே இவானே’. வெளிநாட்டுக்காரர் இதைச் சரியாகச் சொன்னால் அந்த நிமிடமே கவனிப்பார்கள். நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு: ‘தி’, ‘வி’. அவர்களாக ‘தி’க்கு மாறும்வரை ‘வி’தான். சாஷ்கோ, ஒல்யா போன்ற செல்லப் பெயர்களையும் அவர்களே சொன்ன பிறகு பயன்படுத்துங்கள்.

ஒலெக்சாந்தரை அலெக்சாண்டர் என்றும் வொலோதிமிரை விளாதிமிர் என்றும் ரஷ்ய வடிவுக்கு மாற்றி எழுதாதீர்கள். ஊர்ப் பெயரும் அப்படியே: கீவ், கியெவ் அல்ல. ஆங்கில மெயிலில் இந்த எழுத்து வித்தியாசம் உடனே கண்ணில் படும்.

கடிகாரம்_72

சென்னைக்கும் கீவுக்கும் குளிர்காலத்தில் மூன்றரை மணி, கோடையில் இரண்டரை மணி வித்தியாசம். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், நாம் மாற்றுவதில்லை. காலண்டர் அழைப்பை எந்த ஊர் நேரத்தில் கட்டுகிறோம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லையென்றால் அந்தத் திங்கட்கிழமை பாதிப் பேர் ஒரு மணி நேரம் முன்பின்னாக வருவார்கள். கீவ் நேரம் 11 மணி வசதியானது: நமக்குக் குளிர்காலத்தில் பகல் 2.30, கோடையில் 1.30.

அவர்கள் நேரம் காலை 9.00-க்கு மட்டும் எதையும் வைக்காதீர்கள். 2022 மார்ச்சிலிருந்து தினமும் அந்த நேரத்தில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனம். 9.05-க்கு வையுங்கள், காரணம் சொல்லவே வேண்டாம், புரிந்துகொள்வார்கள்.

விமானத் தாக்குதல் எச்சரிக்கை வந்தால் ஆள் மீட்டிங்கிலிருந்து எழுந்து போய்விடுவார். ‘ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாமே’ என்று சொல்லவே கூடாது. கார்கிவ் ரஷ்ய எல்லையிலிருந்து சுமார் 30 கி.மீ.தான், அங்கே எச்சரிக்கைக்கும் வெடிச்சத்தத்துக்கும் நடுவில் நேரமே இருக்காது. லிவீவ் போலந்துப் பக்கம். இரண்டு ஊரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இரவு முழுக்கச் சைரன் என்றால் காலையில் டீம் தூங்காமல்தான் உட்கார்ந்திருக்கும். அன்று கடினமான ரிவ்யூவைத் தள்ளி வையுங்கள். மின்வெட்டு நாட்களில் வீடியோவை அணைத்துவிட்டுப் பேசுவதும் சகஜம்.

விடுமுறைப் பட்டியலை பழைய கட்டுரைகளிலிருந்து எடுக்காதீர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை 2023-இல் ஜனவரி 7-இலிருந்து டிசம்பர் 25-க்கு மாறிவிட்டது. சோவியத் கால இரண்டாம் உலகப் போர் வெற்றி நாளான மே 9-க்கு வாழ்த்து அனுப்பவே அனுப்பாதீர்கள். இப்போது மே 8, அதுவும் நினைவுநாள். ராணுவச் சட்டம் இருக்கும்வரை பொது விடுமுறைகள் சட்டப்படி விடுப்பு நாட்களே அல்ல. அதனால் அந்த நிறுவனம் எந்தெந்த நாளில் மூடும் என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

நேர்ப்பேச்சு

சிரிக்காததைப் பற்றிக் கவலை வேண்டாம். அறிமுகமில்லாதவரிடம் காரணமில்லாமல் சிரிப்பது அங்கே பழக்கமில்லை. மூன்றாவது வாரம் கிண்டலே தொடங்கிவிடும்.

நிஜமான சிக்கல் நம் ‘சரி’யில் இருக்கிறது. நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அவர்களுக்கு அது ‘இல்லை’. ‘நாளைக்குள் முடிக்கப் பார்க்கிறோம்’ என்றால் அவர்கள் காதில் ‘நாளைக்கு’ என்று விழும். மறுநாள் மாலை கேள்வி வரும். முடியாதென்றால் ‘முடியாது, வியாழக்கிழமை தருகிறேன்’ என்று தேதியோடு சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அதேபோல அவர்கள் ‘இது தவறு’ என்று ஒரே வரியில் எழுதினால் அது அந்தக் கோடிங்கைப் பற்றியது, உங்களைப் பற்றியது அல்ல. காரணம் கேட்டுப் பதில் எழுதுங்கள். ‘மன்னிக்கவும், உடனே மாற்றுகிறேன்’ என்று வாதாடாமல் ஒதுங்கினால்தான் மதிப்பு குறையும். மேனேஜர் சொன்னார் என்பதும் அங்கே காரணமாகாது.

இன்னொன்று: அங்கே டெவலப்பர்கள் பலர் சம்பளக்காரர்கள் அல்ல, ‘ஃபோப்’ என்ற பதிவில் தனித்தனித் தொழில்முனைவோராக வேலை செய்பவர்கள். தனியாகப் பணம் அனுப்புவதாக இருந்தால் ஐபேன் (சர்வதேச வங்கிக் கணக்கு) எண்ணில் 29 எழுத்துகள் உள்ளனவா, பெயர் வங்கிப் பதிவில் இருக்கிற அதே எழுத்துக்கூட்டலா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பணம் நடுவில் நின்றுவிடக்கூடும்.

கிழக்குவாசல்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஒன்று சேர்க்கிறேன்: கார்கிவில் பலர் வீட்டில் ரஷ்ய மொழி பேசுபவர்கள், அதனால் ரஷ்ய மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டால் நெருக்கம் வரும்.

எட்டாம்_வேற்றுமை

@கிழக்குவாசல் இதை ஒப்புக்கொள்ள முடியாது. அவர்கள் தங்களுக்குள் எதைப் பேசினாலும் அது அவர்கள் விஷயம். வெளியாள் ரஷ்ய மொழியில் நன்றி சொல்லி ‘ஸ்பசீபா’ என்று ஆரம்பிப்பது, சென்னையில் இறங்கியதும் ஒருவர் நம்மிடம் இந்தியில் தொடங்குவதைப் போலத்தான், அதுவும் 2022-க்குப் பிறகு பல மடங்கு. ‘தோப்ரி தென்’ வணக்கத்துக்கு, ‘த்யாகுயு’ நன்றிக்கு; இரண்டு போதும்.

போரைப் பற்றி: பெரிய தாக்குதல் செய்தி வந்தால் ‘நீங்களும் வீட்டாரும் பத்திரமா?’ என்று ஒரு வரி அனுப்பலாம், அனுப்ப வேண்டும். ‘எப்போது முடியும்?’, ‘இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறதே’, ஓர் ஆணிடம் ‘நீங்கள் ஏன் ராணுவத்தில் இல்லை?’ இவை மூன்றும் வேண்டவே வேண்டாம். இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதைப் பற்றி அவர்கள் கேட்கலாம். நம் அரசுக்காக வாதாட வேண்டியதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்களைக் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கும் வயது 2024-இல் 27-இலிருந்து 25 ஆகக் குறைந்தது. சர்வர் பாஸ்வேர்டோ ஒரு மாட்யூலின் முழு விவரமோ ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது, ஊருக்கு ஒருவராக இரண்டு பேரிடமாவது இருக்கட்டும். இதை ‘நீங்கள் போய்விட்டால்’ என்று தொடங்காமல் மின்வெட்டைக் காரணமாகச் சொல்லிக் கேளுங்கள்.

கிண்டி_டெஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. எங்கள் மேனேஜர் அவர்களைச் சென்னைக்கு அழைக்கலாமா, இல்லை அவரே லிவீவ் போகலாமா என்று யோசிக்கிறார். போனால் என்ன கொண்டுபோவது? அவர் சைவம்.

நேர்ப்பேச்சு

ஆண்களை அழைத்துச் சங்கடப்படுத்தாதீர்கள். 18 முதல் 60 வரை ஆண்கள் பொதுவாக நாட்டைவிட்டு வெளியேற முடியாது. 2025 ஆகஸ்டில் 22 வயதுவரை உள்ளவர்களுக்கு மட்டும் தளர்த்தினார்கள். அவர் போவதென்றால் 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானம் கிடையாது. போலந்தின் பிஷெமிஷிலிலிருந்து ரயில். போர் இடர் சேர்ந்த காப்பீடா என்று முதலில் பாருங்கள். இரவு ஊரடங்கு உண்டு, விருந்தை அதற்கு முன்பே முடித்துவிடுவார்கள்.

பூ கொடுத்தால் ஒற்றைப்படை எண்ணிக்கை. இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. வாசற்படிக்கு இப்புறமும் அப்புறமும் நின்று கைகுலுக்க மாட்டார்கள், உள்ளே போய்க் கை நீட்டுங்கள். லிவீவ்காரர்களுக்குக் காபிப் பெருமை அதிகம், அதனால் ஃபில்டரோடு கும்பகோணம் டிகிரி காபித் தூள் நல்ல பரிசு. சிக்கரி கலந்ததை மட்டும் கொண்டுபோய்க் காபி என்று சொல்லாதீர்கள்.

சாப்பாட்டில் ‘பெஸ் மியாசா’ என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் உருளைக்கிழங்கு வரேனிகியின் (கொழுக்கட்டை மாதிரி) மேல் பன்றிக்கொழுப்பு வறுவலைத் தூவிவிடுவார்கள், போர்ஷ் சூப்பின் தண்ணீரே எலும்புச் சாறாக இருக்கும். ‘பிஸ்னி’ என்று கேட்டால் விரதச் சமையல்: இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. போர்ஷை ரஷ்ய உணவு என்று சொன்னால் அன்றைய விருந்து அங்கேயே முடிந்தது.

குடிப்பதில்லை என்றால் ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு ஜூஸ் கோப்பையை உயர்த்தலாம். ஒருவர் ‘புத்மோ!’ என்றால் மற்றவர்கள் ‘ஹேய்!’ மூன்றாவது முறை கோப்பை உயரும்போது கவனமாக இருக்கச் சொல்லுங்கள்: பல மேசைகளில் அது போரில் இறந்தவர்களுக்கு. எல்லோரும் எழுந்து நிற்பார்கள், கோப்பைகளை மோத மாட்டார்கள், யாரும் பேச மாட்டார்கள்.