எம்கேட் குழப்பம்: புதுப்பிப்பு

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர எழுதும் நுழைவுத் தேர்வான எம்கேட்டின் (MCAT) பழைய வடிவம் 2015 ஜனவரியோடு முடிகிறது, அதையே எழுதிவிடலாமா, ஏப்ரலில் வரும் புதிய தேர்வுக்குக் காத்திருக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் பழையதை எழுது என்றீர்கள். ஆனால் அப்போது நான் தயாராகவே இல்லை, அதனால் காத்திருந்து புதியதைத்தான் எழுதினேன்.

உளவியலும் சமூகவியலும் சேர்ந்த புதுப் பகுதிதான் என்னைப் படாதபாடு படுத்தியது. அதோடு உயிர்வேதியியலும் நிறைய. அமினோ அமிலங்கள் இருபதையும் வரைந்து குளியலறைக் கண்ணாடியில் ஒட்டி, பல் துலக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே உதவியது.

மதிப்பெண் 508. பழைய தேர்வின் உச்ச மதிப்பெண்ணான 45-ஐ வைத்துப் பார்த்த கண்ணுக்கு 472-இலிருந்து 528 வரை போகும் இந்த அளவுகோல் ஒன்றுமே புரியாது, கல்லூரிகளுக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று பயந்தேன். நேர்காணலில் பார்த்தால், என் விண்ணப்பத்தில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே பென்சிலால் பெர்சன்டைல் (எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரைவிட மேலே இருக்கிறேன் என்ற கணக்கு) எழுதியிருந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது.

அப்புறம், போன வாரம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது! இன்னொன்றில் காத்திருப்போர் பட்டியல். பொறுமையாகப் பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.