பாட்டை முதலில் பதிவதா, ஊர் ஊராகப் பாடிவிட்டுப் பதிவதா?

துலாக்கொடி எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் இருக்கிறேன். நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, கிற்றாரோடு பாடுகிறேன். பின்னால் கம்பெனி எதுவும் இல்லை. பின்னேரங்களில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்துச் சேர்க்கும் காசுதான் இதற்குப் போகிறது. கையில் ஏழு பாட்டு இருக்கிறது.

தைப்பொங்கல் கழிந்து கொழும்பில் ஒரு ஸ்ரூடியோவில் மூன்று பாட்டுப் பதிந்தேன். இரவு பஸ்ஸில் போய், விடிய இறங்கி, ஒன்பது மணிக்கு மைக்கின் முன் நின்றேன். இரவு முழுக்க ஏசிக் காற்றில் காய்ந்த தொண்டை, மேல் ஸ்தாயி திறக்கவே பத்தரை ஆகிவிட்டது. மணித்தியாலக் கணக்கில் காசு. சரி, அது நான் ஒரு நாள் முன்னதாகப் போயிருக்க வேண்டிய விஷயம். நான் கேட்க வந்தது வேறு.

அந்த மூன்றில் ஒன்று அம்மம்மா வீட்டுக் கிணற்றைப் பற்றியது. தண்ணீர் அள்ளுகிற நீண்ட மரம், துலா, இறங்கும், வாளி தண்ணீரில் சாயும், நிரம்பும்வரை கை சும்மா இருக்கும், பிறகு துலா ஏறும். பாட்டும் அப்படித்தான் போகிறது. சரணத்தின் மூன்றாம் வரி முடிந்ததும் கிற்றார் நிற்கும், நானும் நிற்பேன். வீட்டில் பாடும்போது அந்த இடத்தை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஸ்ரூடியோவில் காதுக்குள் தாளம் காட்டுகிற கிளிக் ஓடியது, நிமிடத்துக்கு 84 அடி. அது யாருக்கும் நிற்காது. இரண்டே அடி விட்டு நாலாம் வரியைப் பிடித்தேன். ஒலிப்பதிவு செய்தவர் "இந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது, கேட்கிறவர்கள் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள்" என்று சொல்லி, கீபோர்டில் ஒரு நீண்ட சுரத்தை வைத்து நிரப்பினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பங்குனியில் வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, ஹற்றன் என்று நாலு ஊரில் பாடினேன். எல்லாம் பஸ்தான், கிற்றாருக்கும் ஒரு சீற் எடுத்துப் போனேன். டிக்கியில் போட மனம் வரவில்லை. மட்டக்களப்பில் ஒரு வாசிகசாலை மேல்மாடி, நாற்பது பேர் வரை இருந்தார்கள். கிணற்றுப் பாட்டில் அந்த இடம் வந்தது, நிறுத்தினேன். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா தன்னை அறியாமல் இரண்டு கையையும் மடியிலிருந்து தூக்கி, கொடியைப் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டிருந்தார். அவர் கை இறங்கும்வரை நான் அடுத்த வரியைத் தொடவில்லை. ஹற்றனில் குளிருக்குக் கம்பிகள் இறுகிச் சுருதி ஏறிக்கொண்டே போனது, பாட்டுக்குப் பாட்டு இறக்கி மீட்ட வேண்டியிருந்தது. அங்கேயும் அந்த இடத்தில் அதே அமைதி.

வீட்டுக்கு வந்து ஸ்ரூடியோப் பதிவைப் போட்டுக் கேட்டேன். சுருதி சுத்தம், தாளம் சுத்தம். வாளி மட்டும் நிரம்பவில்லை.

மிச்சம் இருக்கிற காசுக்குக் கொழும்பில் இன்னும் ஒரு நாள் எடுக்கலாம். இல்லையென்றால் ஒரு மைக்கும், அதை லாப்டொப்போடு இணைக்கிற இன்ரர்ஃபேஸும் வாங்கி வீட்டில் பதியலாம். கிளிக் இல்லாமல் பாடினால் பிறகு தபேலாவும் பேஸ் கிற்றாரும் சேர்க்க முடியுமா? பேஸ் வாசிக்கிறவர் கொழும்பில் இருக்கிறார். இனிவரும் பாட்டுகளை முதலில் ஊர் ஊராகப் பாடிவிட்டுத்தான் பதிய வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஐம்பது ஹேர்ட்ஸ் எழுதியது:

தங்கச்சி, கிளிக்கில் பிழை இல்லை. அது உங்களுக்கு முன்னால் ஓடியதுதான் பிழை. மேடையில் ஃபோனில் எடுத்த பதிவு இருந்தால் அந்த நிறுத்தம் எத்தனை செக்கன் என்று பாருங்கள். 84இல் ஒரு அடி முக்கால் செக்கனுக்கும் குறைவு, அப்படியென்றால் ஸ்ரூடியோவில் உங்களுக்குக் கிடைத்தது ஒன்றரைச் செக்கன்கூட இல்லை.

முதலில் குரலையும் கிற்றாரையும் உங்கள் போக்கில் பதியுங்கள். பிறகு மென்பொருளில் அந்தப் பதிவைக் கேட்டபடியே அடிக்கு அடி குறி வைத்து, கிளிக்கை உங்கள் பின்னால் வரச் செய்யலாம். ரீப்பர் போதும், 60 நாள் காசில்லாமல் பார்க்கலாம். நிறுத்தம் வருகிற இடத்தில் கிளிக்கும் காத்திருக்கும், பேஸ்காரருக்கு அதையே அனுப்பிவிடலாம். ஒரு பாட்டுக்கு ஒரு பின்னேரம் போகும், பொறுமை வேண்டும்.

வீட்டில் பதிவதென்றால் கண்டென்சர் மைக் வேண்டாம். காகம், மோட்டார்சைக்கிள், கோயில் லவுட்ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை வாய்க்குக் கிட்ட வைத்துப் பாடுங்கள். கிற்றாரை பிளக் பண்ணும்போது "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் வந்தால் லாப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் பற்றரியில் ஓடினாலே அது போய்விடும். சேலை தொங்குகிற அலுமாரியைத் திறந்து, அதைப் பார்த்துப் பாடாமல் அது உங்கள் முதுகுப் பக்கம் இருக்க நில்லுங்கள். மைக் கேட்பது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரின் எதிரொலியைத்தான், சேலை அதைக் குடித்துவிடும்.

கடைசியில் முடிந்த பாட்டைச் சீர்செய்கிற மாஸ்ரரிங்கில் சத்தத்தை ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். ஸ்பொட்டிஃபை வழமையாக சத்தம் கூடிய பாட்டை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் என்ற சத்த அளவுக்கு இறக்கித்தான் போடுகிறது. நெருக்கி ஏற்றினால் உங்கள் நிறுத்தத்துக்குள் இருக்கிற மூச்சும் அறைச் சத்தமும் பாட்டுக்குக் கிட்ட மேலே வந்துவிடும்.

பழைய பேஸ் எழுதியது:

பிள்ளை, எழுபதுகளில் பொப்பிசைக் குழு ஒன்றில் வாசித்தவன் நான். பதிவுக்குப் போகும்போது ஒரு பாட்டை முப்பது கலியாண வீட்டிலாவது வாசித்திருப்போம். எந்த வரியில் சனம் எழும்பும், எந்த வரியில் கதைக்கத் தொடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்ரூடியோவில் ஒன்றாக நின்று ஒரே மூச்சில் வாசித்தோம். பிழைத்தால் முதலில் இருந்து.

என்ர அப்பு தோட்டத்தில் துலா மிதித்தவர். மேலே ஒருவர் நடப்பார், கீழே ஒருவர் தண்ணீர் அள்ளுகிற பட்டை பிடிப்பார். எண்ணிப் பாடிக்கொண்டு இறைப்பார்கள். பட்டை தண்ணீருக்குள் போன நேரத்தில் பாட்டு நிற்கும், நிற்காவிட்டால் அரைப் பட்டைதான் வரும். நீங்கள் எழுதியதை வாசித்தபோது அந்தச் சத்தம் காதில் வந்தது. அந்த இடத்தை ஒருவருக்காகவும் குறைக்காதையுங்கோ.

தபேலா வாசிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, முகம் பார்த்துச் சேர்ந்து பதியுங்கோ. மற்றதெல்லாம் பிறகு.

சுருதிப்பெட்டி எழுதியது:

நானும் தனியாகப் பாடுகிறவள்தான், இப்போது ரொறன்ரோவில். "அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள்" என்ற பயத்துக்கு மட்டும் ஒரு பதில். ஸ்பொட்டிஃபையில் 30 செக்கன் கேட்டாலே ஒரு தடவை என்று கணக்கு. உங்கள் நிறுத்தம் சரணத்தின் மூன்றாம் வரி முடிந்துதானே வருகிறது, அதற்குள் கணக்கு ஏறிவிடும். அத்தோடு 2024 தொடக்கம், பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசே வராது. எங்களைப் போன்றவர்களுக்குக் காசு ரிக்கெற்றிலும் மண்டப வாசலில் விற்கிற சீடியிலும்தான் வருகிறது. மண்டபத்தில் கேட்டதைத் தேடித்தான் வீட்டுக்குப் போய் உங்கள் பதிவைப் போடுவார்கள் அக்கா. அந்த மட்டக்களப்பு அம்மா போட்டுக் கேட்டு, கை தூக்குகிற இடத்தில் கீபோர்ட் வந்தால் என்ன நினைப்பார்?

துலாக்கொடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, உங்கள் அப்புவைப் பற்றி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா.

அண்ணை சொன்னபடி ஃபோன் பதிவுகளைப் பார்த்தேன். வவுனியாவில் மூன்று செக்கன். மட்டக்களப்பில் ஐந்தரை. ஹற்றனில் ஐந்து. ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது, எனக்கே தெரியாமல்.

கொழும்பு நாளை விட்டுவிட்டேன். மைக் வாங்கி, போன வியாழன் இரவு அம்மாவின் அறையில் பதிந்தோம். பகலில் முடியவில்லை, பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு மூன்று தரம் ஒழுங்கைக்குள் வந்தது. இரவு இரண்டு மணிக்குத் தொடங்கினோம். அலுமாரியைத் திறந்து வைத்து, லாப்டொப்பைப் பற்றரியில் விட்டோம். இரைச்சல் போய்விட்டது. தபேலாக்காரத் தம்பி விறாந்தையில் இருந்தான், நடுவில் யன்னல். அவன் முகம் தெரிந்தது. கிளிக் போடவில்லை. நாலாவது தரம் சரிவந்தது. நிறுத்தத்தில் அவன் கையைத் தபேலாவில் வைக்காமல் காற்றில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தான், நான் மூச்சு எடுத்ததும் இறக்கினான். அந்த ஐந்து செக்கனுக்குள் பக்கத்து வளவில் காய்ந்த பனையோலை உரசுகிற சத்தம் விழுந்திருக்கிறது. அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்போது அடிக்கு அடி குறி வைத்துக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்தது. அண்ணை, பேஸ்காரருக்கு அனுப்பும்போது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் வேவ் ஃபைலாக அனுப்பினால் போதும்தானே? குறி வைத்த கிளிக்கைத் தனி ட்ராக்காகக் கொடுக்கவா, இல்லை ரீப்பர் ஃபைலையே கொடுக்கவா?