புதுப்பிப்பு: ஷெப்பர்ட் கண்டது கனவா?

'மாஸ் எஃபெக்ட் 3' வீடியோ கேமின் முடிவில் நடப்பதெல்லாம், ரீப்பர்கள் என்னும் எதிரி இயந்திரங்கள் நாயகப் பாத்திரமான ஷெப்பர்டின் மனத்தை வசப்படுத்தும் முயற்சிதான் என்று போன வாரம் அடித்துச் சொல்லியிருந்தேன். மறுபடி ஆடி முடித்தேன். பாதி பின்வாங்குகிறேன்.

காரணம், 2012 ஜூனில் இலவசமாக வந்த நீட்டிக்கப்பட்ட முடிவு. கடைசித் தேர்வில் சிவப்பைத் (ரீப்பர்களை அழிப்பது) தேர்ந்தால் படைத்தலைவர் ஹாக்கெட்டும், பச்சையைத் (உயிர்களையும் இயந்திரங்களையும் ஒன்றாக்குவது) தேர்ந்தால் கப்பலின் செயற்கை அறிவான ஈடியும் பிற்பாடு நடந்ததைச் சொல்கிறார்கள். எல்லாம் ஷெப்பர்டின் கனவென்றால், அவர் இல்லாத உலகத்தை இவர்கள் எப்படிச் சொல்ல முடியும்? இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் ஒரு சிறுவன் ஷெப்பர்டின் மனத்தில் மட்டும் இருப்பவனோ என்ற சந்தேகத்தை விட மனமில்லை. வான்கூவர் தாக்குதலில் காற்றுக்குழாய்க்குள் ஒடுங்கியிருப்பவன். உடனிருக்கும் மூத்த அதிகாரி ஆண்டர்சன் கூப்பிட, ஷெப்பர்ட் ஒரு நொடி தலையைத் திருப்புகிறார். திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. பிறகு மீட்புக் கலத்தில் தானே தட்டுத்தடுமாறி ஏறுகிறான், அருகில் நிற்கும் ஒருவர்கூடக் கை கொடுப்பதில்லை. கடைசியில் அதே உருவத்தில் வந்து மூன்று வழிகளை நீட்டுகிறது, ரீப்பர்களை இயக்கும் அறிவான கேட்டலிஸ்ட்.

சிவப்பு முடிவில், ஆட்டத்தில் திரட்டிய போர்ப்பலம் போதுமான அளவு இருந்தால், இடிபாடுகளுக்கு நடுவே ஒரு மார்புக்கவசம் மெல்ல எழுந்து மூச்சை இழுக்கிறது. நேற்றும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது.