ராய் ஜென்கின்ஸ் யார் பெற்ற பிள்ளை?

கரிசல்காரன்: "சுரங்கத் தொழிலாளி மகன் நிதியமைச்சர் ஆனார், சர்ச்சில் வரலாறும் எழுதினார்" என்று பிரிட்டிஷ் அரசியல்வாதி ராய் ஜென்கின்ஸைப் பற்றி நேற்று ஒருவர் இங்கே உருகியிருந்தார். 1920இல் ராய் ஜென்கின்ஸ் பிறந்தபோது அப்பா ஆர்தர் சுரங்கத்தில் இறங்கிக்கொண்டா இருந்தார்? தொழிற்சங்க நிர்வாகி. 1935இல் எம்.பி. அப்புறம் லேபர் கட்சித் தலைவர் அட்லிக்கு (பின்னாளில் பிரதமரானவர்) நாடாளுமன்ற உதவியாளர். மகனின் முதல் புத்தகம் யாரைப் பற்றி? அதே அட்லி!

புத்தகப்புழு: உருகியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ஆர்தர் 12 வயதில் சுரங்க வேலைக்குப் போனவர். 1926 வேலைநிறுத்தத்தில் ஜெயிலுக்கும் போனார். அப்பா ஜெர்மனிக்குச் சுரங்கம் பார்க்கப் போயிருக்கிறார் என்று சின்னப் பையனிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த வீட்டையா பங்களா என்கிறீர்கள்?

கரிசல்காரன்: பங்களா என்று எங்கே சொன்னேன்? ஜெயிலுக்குப் போனதும் சங்க நிர்வாகியாகத்தான். 1920இல் கையில் பிக்காசா, சங்கத்து ஃபைலா?

வழிப்போக்கன்: அதை விடுங்கப்பா. 1965இல் உள்துறை அமைச்சராகி, தன்பாலுறவு, கருக்கலைப்புத் தடைகளைத் தளர்த்திய சட்டங்கள் நிறைவேற வழிவிட்டாரே, அதைப் பேசலாமே. 1981இல் லேபரை உடைத்து எஸ்.டி.பி. (சமூக ஜனநாயகக் கட்சி) தொடங்கியதையும்தான்.

கரிசல்காரன்: லேபர் தானாக உடைந்தது. நீங்கள் போன மாதம், 19ஆம் நூற்றாண்டுப் பிரதமர் கிளாட்ஸ்டனைப் பற்றி ஜென்கின்ஸ் எழுதிய புத்தகத்துக்காக என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்தானே? அச்சில் வந்த நாட்குறிப்புகளை வைத்து எழுதியதை ஆராய்ச்சி என்றீர்கள்.

வழிப்போக்கன்: நான் ஆராய்ச்சி என்று சொல்லவே இல்லை. "நன்றாக இருக்கிறது" என்றேன்.

புத்தகப்புழு: 1995இல் விட்பிரெட் இலக்கியப் பரிசு வாங்கிய புத்தகம் ஐயா அது. சர்ச்சில் ஏறக்குறைய ஆயிரம் பக்கம், வெளிவந்தபோது மனிதருக்கு 80 வயது. நீங்கள் 80 பக்கம் எழுதிவிட்டு வாருங்கள்.

கரிசல்காரன்: 80 பக்கம் எதற்கு? ஒரே வரி போதும்: 1920இல் ஆர்தர் சங்க நிர்வாகி. மகன் பேச்சில் பிறந்த மண்ணான வேல்ஸின் வாடையே கிடையாது, கிளாரெட் ஒயின் வாடைதான்.

புத்தகப்புழு: குடிப்பதற்கும் பிறப்புக்கும் என்ன சம்பந்தம்? அப்பா சுரங்கத்தில் கரி வெட்டினாரா இல்லையா?

கரிசல்காரன்: வெட்டினார். எப்போது?

புத்தகப்புழு: வெட்டினாரா, இல்லையா?

கரிசல்காரன்: எப்போது என்று கேட்டேன். மூன்றாவது முறை.

வழிப்போக்கன்: நாலாவது. எண்ணிவிட்டேன்.

கரிசல்காரன்: உங்களை யார் எண்ணச் சொன்னது?